ராஜராஜன் காலத்து வயலாள் ஒரு நாளைக்கு என்ன சாப்பிட்டிருப்பார்?

நீங்கள் கேட்டது இது: "ராஜராஜ சோழன் காலத்தில் வயலில் வேலை செய்த ஒரு சாதாரண ஆள், காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டிருப்பார்? இட்லி, சாம்பார் எல்லாம் அப்போதே உண்டா, இல்லை கம்பும் வரகும்தானா?" பார்க்க மெனு கேட்பது போல இருந்தாலும் இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஓர் ஏழையின் சாப்பாட்டைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும், அவர் எதையுமே எழுதி வைக்கவில்லையே? எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது, அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் கல்வெட்டியல் படித்தவன், இருபது வருடத்துக்கு மேலாகக் கோயில் சுவர்களில் படியெடுத்து வாசிக்கிற வேலை. சமையல் வரலாற்றில் நிபுணன் இல்லை, தாவரவியலும் தெரியாது. கல்லில் இருப்பதைச் சொல்ல முடியும், அதைத் தாண்டிப் போகும்போது ஊகம் என்று சொல்லிவிடுவேன்.

முதலில் எது இல்லை என்பதை முடித்துவிடலாம், இதில் சந்தேகமே கிடையாது. மிளகாய் இல்லை. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, மக்காச்சோளம், மரவள்ளி, கொய்யா, பப்பாளி எதுவும் இல்லை. இவையெல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, கொலம்பஸ் 1492இல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அவற்றுக்கு இந்தப் பக்கம் வர வழியே பிறந்தது. ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. நடுவில் ஐந்நூறு வருடம். பெயர்களே இதைச் சொல்லிவிடும்: மிளகு போல உறைக்கிற காய் என்பதால் அது மிளகாய், பரங்கியர் வந்த காலத்தில் வந்ததால் அது பரங்கிக்காய். சுரைக்காயும் வெண்பூசணியும் இங்கே பழசு, மஞ்சள் பரங்கி புதுசு. ஆக அந்த ஆளின் சாப்பாட்டில் காரம் என்று ஒன்று இருந்தால் அது மிளகு, திப்பிலி, இஞ்சி, கடுகு இவற்றிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். தாளிக்க நல்லெண்ணெயோ நெய்யோ, கடலை எண்ணெய் அல்ல.

சரி, என்ன இருந்தது? இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம். சாமிக்கு என்ன படைத்தார்கள் என்பது நமக்கு அபாரமாகத் தெரியும். வரகுண பாண்டியன் காலத்து அம்பாசமுத்திரம் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்பதாம் நூற்றாண்டு, ராஜராஜனுக்கு முந்தையது. அதில் சாமியின் சாப்பாடு ஒரு கல்யாண வீட்டு மளிகைச் சீட்டு போல வரும்: குத்தித் தீட்டிய செந்நெல் அரிசி, பசுநெய், பசுந்தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி, அப்புறம் காயம் என்று மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி, கடைசியில் வெற்றிலை பாக்கு. புளிங்கறி என்பது புளி விட்ட குழம்பு வகை, புழுக்குக்கறி வேகவைத்தது, பொரிக்கறி பொரியல். தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே தினுசுதான், பருப்பமுது, கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது (வெற்றிலை பாக்கு) என்று ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டிருக்கும். சாமி சாப்பிடுவதால் எல்லாவற்றுக்கும் பின்னால் 'அமுது' ஒட்டிக்கொள்ளும். மிளகாயையும் தக்காளியையும் எடுத்துவிட்டால், நம் வீட்டு அமாவாசைச் சமையலுக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. எனக்கு இது இன்னமும் ஆச்சரியம்தான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு 'சோழர் காலத்து மக்கள் நெய்யும் தயிருமாகச் சாப்பிட்டார்கள்' என்று எழுதுகிறார்களே, அது தப்பு. ஐந்து நட்சத்திர ஓட்டலின் சாப்பாட்டு அட்டையைப் பார்த்துவிட்டு ஊர் முழுக்க அதையே சாப்பிட்டது என்று சொல்வதற்குச் சமம். கல்லில் வெட்டச் செலவாகும், ஒரு காரணம் இல்லாமல் யாரும் வெட்ட மாட்டார்கள். தானம் கொடுத்தவர் தன் தானம் நிற்க வேண்டும் என்று வெட்டுகிறார், கோயில் கணக்கு நிற்க வேண்டும் என்று வெட்டுகிறது. கூலியாள் வீட்டுக் கஞ்சியை வெட்டி வைக்க யாருக்கும் காரணம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காவிரிக் கரையோரம் ஒரு சின்னக் கோயிலில் படியெடுத்துக்கொண்டிருந்தோம். சுவரைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக்குழிக்குள் தாளை இறக்கி, அரை காய்ந்ததும் மசிப்பொதியால் ஒற்றி எடுக்க வேண்டும். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாக வரும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஒரு பாட்டி, "இதுல எங்க ஊர் ஆளுங்க பேரு இருக்கா தம்பி?" என்று கேட்டார். நிலம் கொடுத்தவர் பேர், சபையார் பேர், கணக்கன் பேர் எல்லாம் இருந்தது. "நாத்து நட்டவ பேரு?" என்றார். இல்லை என்றேன். "அப்ப என்னத்த எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் முன்வாசல் வழியாக அல்ல, கொல்லைப்புறமாக. சம்பளம்தான் அந்தக் கொல்லைப்புறம். அன்றைக்குச் சம்பளம் பெரும்பாலும் நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. அளந்த நெல் தெரிந்தால் வீட்டில் எத்தனை பேர் வயிறு நிறைந்திருக்கும் என்று கணக்குப் போடலாம். அளவை வாய்ப்பாட்டை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பழைய ஆட்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள்: 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். ஆக ஒரு கலம் 96 நாழி. இதை லிட்டராகவும் கிலோவாகவும் மாற்றிப் போட்டிருக்கிற பட்டியல்கள் நிறைய உலவுகின்றன, அவற்றை நம்பாதீர்கள். நெல் அளக்கிற மரக்கால் ஊருக்கு ஊர் வேறு, ஆடவல்லான் என்றும் அருமொழிதேவன் என்றும் பெயர் வைத்த மரக்கால்கள் இருந்தன, நெல்லை எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதையே கல்வெட்டில் குறிப்பார்கள். நாம் நாழியை நாழியாகவே வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் போதும்.

இப்போது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்கு வாருங்கள். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திரன் காலத்து, 1060களைச் சேர்ந்த, ஒரு நீளமான கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கோயிலோடு ஒரு பள்ளியும், மாணவர் விடுதியும், பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலசாலையும், அதாவது ஆஸ்பத்திரியும், நடந்தன. அதில் வைத்தியருக்கு வருடத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை வேலை செய்கிறவருக்கு 30 கலம். நாவிதருக்கு 15 கலம். படுத்திருக்கும் நோயாளிக்கு ஆளுக்குத் தினம் ஒரு நாழி அரிசி. இந்த எண்களை நான் முதல் முறை படித்தபோது வெறும் எண்களாகத்தான் தெரிந்தன. பிறகு ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். 30 கலம் என்றால் 2,880 நாழி, வருடத்தை 360 நாளாக எடுத்தால் சரியாக நாளுக்கு 8 நாழி, அதாவது ஒரு குறுணி. 15 கலம் என்றால் நாளுக்கு 4 நாழி. வைத்தியரின் 90 கலம் நாளுக்கு மூன்று குறுணி. பின்னமே வரவில்லை பாருங்கள். வருடக் கணக்கு போல எழுதியிருந்தாலும் இது அடிப்படையில் நாள் படி. இது என் வாசிப்பு, கணக்கு இவ்வளவு சுத்தமாக விழுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நெல்லை அப்படியே சாப்பிட முடியாது. சோழர் கல்வெட்டுகளில் 'ஐஞ்சிரண்டு வண்ணம்' என்று ஒரு தொடர் அடிக்கடி வரும், ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று பொருள். இது கோயிலுக்காக நன்றாகத் தீட்டிய அரிசிக் கணக்கு, வீட்டில் இவ்வளவு தீட்டியிருக்க மாட்டார்கள், கொஞ்சம் கூடவே தேறியிருக்கும். ஆனாலும் இதையே வைத்துப் பார்ப்போம். நாவிதரின் 4 நாழி நெல் ஒன்றரை நாழிக்குச் சற்று மேல் அரிசியாகும். அறுவை செய்பவரின் குறுணி நெல் மூன்று நாழிக்குச் சற்று மேல். படுத்துக் கிடக்கும் நோயாளிக்கே ஒரு நாழி அரிசி என்று வைத்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நாவிதர் வேறு எந்த வரும்படியும் இல்லாமல், மனைவி இரண்டு பிள்ளைகளோடு இந்த நெல்லை மட்டும் நம்பியிருந்தால் முழு வயிறு சாப்பிட்டிருக்க முடியாது. ஊரில் வேறு வீடுகளிலும் வேலை செய்து நெல் வாங்கியிருப்பார் என்பது நியாயமான ஊகம், மனைவியும் சும்மா இருந்திருக்க மாட்டார். ராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் வேதக் கல்லூரியில் சின்ன மாணவர்களுக்கு ஆளுக்குத் தினம் 6 நாழி நெல் கொடுத்தார்கள். வேதம் படிக்கிற பையனின் படி, ஆஸ்பத்திரி நாவிதரின் சம்பளத்தைவிட ஒன்றரை மடங்கு. இந்த ஒரு வரியிலேயே அந்தச் சமூகத்தின் பாதிக் கதை இருக்கிறது.

விலை பற்றியும் கொஞ்சம். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஒரு காசுக்கு 2 கலம் நெல், 3 ஆடு, 1,200 வாழைப்பழம் என்று வீதம் போட்டிருக்கிறார்கள். இவை சந்தை விலை அல்ல, கோயில் தன் வட்டிக் கணக்குக்காக நிர்ணயித்தவை, ஆனாலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு என்று புரியும். இரண்டு கலம் 24 குறுணி, அப்படியானால் ஒரு குறுணி நெல்லுக்கு 50 வாழைப்பழம், எட்டுக் குறுணிக்கு ஓர் ஆடு. அதாவது நாளுக்கு ஒரு குறுணி சம்பாதிக்கிற ஆள் எட்டு நாள் வேலை செய்தால் ஓர் ஆடு வாங்கலாம், ஆனால் அந்த எட்டு நாளும் வீட்டில் உலை வைக்காமல் இருந்தால்தான். பழம் எட்டும், ஆடு எட்டாது. நெய் எப்படி என்றால், கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரியத் தினம் ஒரு உழக்கு நெய் வேண்டும், அதற்கு 96 ஆடு விட்டார்கள், அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள், செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையக் கூடாது, குட்டி போட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டியது இடையரின் பொறுப்பு. தொண்ணூற்றாறு ஆட்டுக்கு ஒரு நாளைக்குக் கால் நாழி நெய்தான் கடமை என்றால், மீதிப் பாலும் மோரும் குட்டிகளும் இடையர் வீட்டுக்கு என்று பொருள். அதனால் மோர் ஊருக்குள் மலிவாகப் புழங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நெய் விளக்குக்கும் சாமிக்கும் வசதியானவர்களுக்கும், மோர் மற்ற எல்லோருக்கும்.

இனி அரிசியா சிறுதானியமா என்ற சண்டைக்கு வருவோம். 'அந்தக் காலத்தில் எல்லோரும் சிறுதானியம் சாப்பிட்டு நூறு வயது வாழ்ந்தார்கள்' என்று வாட்ஸாப்பில் வருவதை ஒதுக்கி வையுங்கள், நூறு வயதுக்கு ஆதாரமே கிடையாது. இடத்தைப் பொறுத்து பதில் மாறும். காவிரிப் படுகையில் வயலாளுக்குக் கூலியே நெல்தான், அங்கே அரிசி உணவு ஏழைக்கும் உண்டு, ஆனால் எந்த அரிசி என்பதில்தான் வித்தியாசம். புன்செய்க் காட்டில், கொங்கிலும் புதுக்கோட்டைப் பக்கமும், வரகு, தினை, எள், பயறுதான் நிலத்தில் விளைந்தது, அதைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். நெல்லுக்குள்ளேயே சாதி இருந்தது என்பதற்குப் பெரியபுராணத்தில் ஓர் அருமையான சாட்சி இருக்கிறது. அரிவாட்டாய நாயனார் கணமங்கலத்தில் வசதியாக இருந்தபோது செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் சிவனுக்குப் படைத்து வந்தார். செல்வம் போய்க் கூலிக்கு நெல் அறுக்கப் போகிறார். கூலியாகக் கிடைத்த செந்நெல்லைச் சாமிக்கு வைத்துவிட்டு, கார்நெல்லைத் தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்கிறார். பிறகு வயலெல்லாம் செந்நெல்லாகவே விளைந்துவிட, தனக்குக் கார்நெல் கூலி இல்லாமல் போகிறது, மனைவி கொல்லையில் கீரை பறித்துச் சமைத்துப் போடுகிறார். கீரையும் தீர்ந்ததும் வெறும் தண்ணீர். பக்திக் கதைதான், ஆனால் படியிறங்கும் வரிசையைப் பாருங்கள்: செந்நெல், கார்நெல், கீரை, தண்ணீர். ஒரு ஏழை வீட்டில் பஞ்சம் எந்த வழியாக உள்ளே வரும் என்பது சேக்கிழாருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் வயல் வெடிப்பில் இருந்து சாமி மாவடு கடிக்கிற 'விடேல்' என்ற சத்தம் கேட்கும். மாவடு கடித்த யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

இளையான்குடி மாற நாயனார் கதையும் அப்படித்தான். ராத்திரி, கொட்டுகிற மழை, வீட்டில் ஒன்றும் இல்லை, விருந்தாளி வந்துவிட்டார். பகலில் விதைத்த நெல்லை வயலில் போய் வாரிக்கொண்டு வந்து கழுவி, வறுத்துக் குத்தி அரிசியாக்குகிறார்கள், விறகுக்கு வீட்டுக் கூரை வரிச்சையே அறுத்துப் போடுகிறார், கறிக்குக் குழி நிரம்பாத கீரைப்பயிரைத் தடவிப் பறிக்கிறார். ஈர நெல்லை வறுத்தால்தான் குத்த வரும் என்ற சின்ன விஷயம் வரை சரியாக இருக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர், இரண்டாம் குலோத்துங்கன் காலத்து அமைச்சர், பல நூறு வருடம் முன்னால் வாழ்ந்த அடியார்களைப் பற்றி எழுதுகிறார். ஆகவே இது நாயனார்கள் காலத்துக்குச் சாட்சி இல்லை. ஓர் ஏழை வீட்டுச் சமையல் இப்படித்தான் இருக்கும் என்று சோழர் காலத்து வாசகர் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. நம் கேள்விக்கு அதுவே போதும்.

மீன், இறைச்சி, கள் பற்றிக் கோயில் கல்வெட்டுகள் சமையல் பட்டியலாகச் சொல்லாது, அதனால் யாரும் சாப்பிடவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் ஏரியைப் பராமரித்திருக்கிறார்கள். பிடித்த மீனை யாரோ சாப்பிட்டார்கள்தானே. பிராமணர்களுக்கு ஊர் தானம் கொடுத்த சோழச் செப்பேடுகளில் 'தென்னையும் பனையும் ஈழவர் ஏறக் கூடாது' என்று நிபந்தனை வரும், அதாவது கள் இறக்கக் கூடாது. அந்த ஊரில் கூடாது என்று தனியாக எழுத வேண்டியிருந்தது என்றால் மற்ற ஊர்களில் ஏறினார்கள் என்றுதான் அர்த்தம். அதே செப்பேடுகளில் சுட்ட செங்கல்லால் மாடி வீடு கட்டிக்கொள்ளலாம், பெரிய செக்கு போட்டுக்கொள்ளலாம் என்று உரிமைகளும் வரும். செங்கல் வீடும் எண்ணெய்ச் செக்கும் சலுகையாகக் கொடுக்கப்படுகிற உலகத்தில், நம் ஆள் மண்சுவர், ஓலைக்கூரை வீட்டில், எண்ணெயை அளந்து சொட்டு விட்டுத்தான் சமைத்திருப்பார்.

இட்லி, தோசை, சாம்பார் என்று குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். இட்லிக்குப் பழைய சாட்சி தமிழில் இல்லை, கன்னடத்தில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில் 'இட்டலிகே' வருகிறது, பன்னிரண்டாம் நூற்றாண்டு மானசோல்லாசம் என்ற சமஸ்கிருத நூல் சொல்கிற இட்லி உளுந்தில் மட்டும் செய்வது, அரிசி சேர்த்துப் புளிக்கவைத்த நம் இட்லி அல்ல. தமிழ்நாட்டுக் கோயில்களில் தோசைப்படி, அதிரசப்படி, அப்பப்படி என்றெல்லாம் கட்டளைகள் தாராளமாக வருவது விஜயநகர காலத்தில், 16ஆம் நூற்றாண்டு வாக்கில். ராஜராஜன் காலத்து வயலாள் காலையில் இட்லி சாப்பிட்டார் என்று சொல்ல என்னிடம் ஒரு எழுத்துகூட இல்லை. சாம்பார் கதை, அதாவது தஞ்சை மராட்டிய அரண்மனையில் சாம்பாஜி பெயரால் வந்தது என்பது, கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மராட்டியர் தஞ்சைக்கு வந்ததே 1670களில், அந்தக் கதைக்குச் சமகால ஆவணம் எதையும் நான் பார்த்ததில்லை. பருப்பும் புளியும் மட்டும் அதற்கு வெகு முன்பே இங்கே இருந்தன. பிட்டு வேறு விஷயம், அது நிச்சயம் பழசு. திருவாசகத்திலேயே சிவன் பிட்டுக்கு மண் சுமந்த சேதி வருகிறது. அதில் எனக்குப் பிடித்தது கூலி என்ற பகுதி: மண் சுமந்தால் பிட்டு. வேலைக்குச் சோறே கூலி என்பது கேட்பவர்களுக்குப் புதிதாகப் படவில்லை என்பதால்தான் அந்தக் கதை நின்றது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் அழகான பொய்யாகிவிடும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியல் போடும்போது ஊர் நத்தம், குளம், வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாகச் சொல்கின்றன, சுடுகாடும் தனித்தனி. நீங்கள் கேட்ட வயலாள் பெரும்பாலும் இந்தச் சேரிகளில் இருந்து வந்தவர். மேலே நான் கணக்குப் போட்ட சம்பளமெல்லாம் கோயில் வேலை பார்த்தவர்களுடையது, வயலாளுடைய கூலி அளவு அப்படிப் பட்டியலாகக் கல்லில் ஏறவில்லை. கோயில் நாவிதரின் 4 நாழியைவிட வயலாளுக்கு அதிகம் கிடைத்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. அறுப்புக் காலத்தில் கை நிறையக் கிடைக்கும், ஆடி ஆவணியில் கையிருப்பு ஒட்டிப்போகும். மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பாம்புரம் கல்வெட்டு இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201. நெல் காசுக்கு மூன்று நாழி விற்றது. ஒரு வெள்ளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். ராஜராஜன் கணக்கில் காசுக்கு 2 கலம், அதாவது 192 நாழி. இடையில் காசின் தரம் மிகவும் இறங்கிவிட்டதால் இரண்டையும் நேரடியாக வகுத்து விலை அறுபத்து நான்கு மடங்கு ஏறியது என்று சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் நிலமுள்ள சாதிக்காரருக்கே அந்த நிலை என்றால், சேரியில் இருந்தவர்கள் விற்றுக்கொள்ளக்கூட ஆள் கிடைக்காமல் போயிருப்பார்கள்.

ஆக, காவிரிக் கரையில் ஒரு சுமாரான வருடத்தில், ஒரு நாள். காலையில் முதல் நாள் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீரும் சோறும், உப்பு, கிடைத்தால் மோர். இது ஊகம், ஆனால் விறகும் நேரமும் இல்லாத வீட்டில் இரண்டு வேளை புதிதாகச் சமைப்பது கடினம் என்பதால் வலுவான ஊகம். உச்சிக்கு வயலில் அதே மாதிரி ஏதோ ஒன்று, கஞ்சியாக இருக்கலாம். வெயில் சாய்ந்து வீடு வந்ததும்தான் சூடான சோறு: கார்நெல் அரிசி, வீட்டில் குத்தியது, அதிகம் தீட்டாதது. கூடக் கீரை, கத்தரி, சுரை, அவரை, கிழங்கு என்று கொல்லையில் இருப்பது, புளி கரைத்து. மிளகு மேற்கு மலைப் பக்கமிருந்து வந்த சரக்கு, தினமும் போட்டிருப்பார் என்று நினைக்கவில்லை, கடுகும் இஞ்சியும் அவருக்குப் பக்கம். வாய்க்காலில் அகப்பட்டால் மீன் அல்லது நத்தை நண்டு. பருப்பு எப்போதாவது. நெய், சர்க்கரை, பால்சோறு எல்லாம் திருவிழாவுக்கு. வெற்றிலை மட்டும் எப்படியாவது கிடைத்திருக்கும்.

உங்களுக்கு நேரில் பார்க்க ஆசை இருந்தால் தஞ்சாவூர் போகும்போது பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், கீழே அடித்தளத்தைச் சுற்றி வெட்டியிருக்கும் எழுத்தைக் குனிந்து பாருங்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும். முழுதாக வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, 'நெல்', 'கலம்', 'குறுணி', 'நாழி' இந்த நாலு சொல்லின் வடிவத்தை மட்டும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். சுற்றி வருவதற்குள் எத்தனை தடவை கண்ணில் படுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள். நான் ஒரு தடவை எண்ண ஆரம்பித்து, மூலை திரும்புவதற்குள் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.